சாலையில் படும் கடன்: பாதையின் உரிமைகள்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடக்கும் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்தவனாக இந்த ஜும்ஆ உரையைத் தொடங்குகிறேன்.

நம் புதுச்சேரியில் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் சாலையில்தான் வந்து நிற்கிறது. சனி, ஞாயிறு வந்தால் ராஜீவ் காந்தி சிலையைத் தாண்ட முடியவில்லை என்கிறோம். கடலூர் சாலையில் மரப்பாலம் வருவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை, மிஷன் வீதியில் வண்டி, நேரு வீதியில் கூட்டம். இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரை மேம்பாலம் கட்ட 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது எப்போது முடியும், அதுவரை எந்த வழியில் போவது என்பதுதான் இப்போது டீக்கடையிலும் பேச்சு, வாட்ஸ்அப் குழுவிலும் பேச்சு.

பாலம் வரட்டும். சாலையும் அகலமாகட்டும். அது அரசாங்கத்தின் கடமை. இன்று நாம் பார்க்கப்போவது வேறு ஒன்று. அந்தச் சாலையில் போகும் நம்மிடம் அல்லாஹ் எதைக் கேட்பான்? மறுமையில் விசாரணைக்கு வரும் விஷயங்களில் சாலையும் ஒன்று என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருக்கிறோம்? தொழுகையைப் பற்றிக் கேட்பான், ஸகாத்தைப் பற்றிக் கேட்பான் என்று அறிந்திருக்கிறோம். ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி ஓட்டியதைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்திருக்கிறோமா?

பாதைக்கு உரிமை உண்டு

அன்பிற்குரியவர்களே! நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம், பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு கூறினார்கள். அங்கே உட்கார்ந்து பேசுவதைத் தவிர தங்களுக்கு வேறு வழியில்லையே என்று தோழர்கள் சொன்னார்கள். அப்படியானால் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் நபியவர்கள். பாதையின் உரிமை என்ன என்று தோழர்கள் கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்று விளக்கினார்கள். இதை அறிவிப்பவர் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள். நூல்: புகாரி 2465.

இந்த ஹதீஸில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். உரிமை. பெற்றோருக்கு உரிமை உண்டு, அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு என்று சொல்வதைப் போலவே பாதைக்கும் உரிமை உண்டு என்று மார்க்கம் சொல்கிறது. அன்று ஒட்டகமும் கழுதையும் நடந்த மண் பாதை. அதில் ஓரமாக உட்கார்ந்து பேசுவதற்கே நிபந்தனை. இன்று நாம் உட்காருவது மட்டுமா? கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையில் சரக்கை இறக்கி வைக்கிறோம். வீட்டுக்கு முன்னால் கல்லைப் போட்டு இடம் பிடிக்கிறோம். இரண்டு பைக்குகளைப் பக்கம் பக்கமாக நடுவீதியில் நிறுத்திப் பேசுகிறோம். ஐந்து நிமிடம்தானே என்று மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுக் காரை அப்படியே விட்டுப்போகிறோம்.

பாதையின் அகலத்தில் மக்களுக்குள் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள் (புகாரி 2473). அதாவது, என் சுவர் எவ்வளவு தூரம் வரலாம் என்பதை என் விருப்பத்துக்கு அவர்கள் விடவில்லை. போகிறவர் வருகிறவரின் தேவைக்கு ஓர் அளவு வைத்தார்கள். பொது வழி என்பது யாருடைய சொத்தும் அல்ல என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம் நினைக்கிறோம். மார்க்கமோ, அது எல்லோருடைய சொத்து என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது.

பெயர் தெரியாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

சகோதரர்களே! அடியார்களின் உரிமைகள் என்று ஒரு பாடம் நம் மார்க்கத்தில் உண்டு. ஹக்குல் இபாத் என்று சொல்வோம். ஒருவருக்கு நாம் அநீதி செய்திருந்தால், அவரிடம் இன்றே கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இல்லையென்றால் நம் நன்மைகளை எடுத்து அவருக்குக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்துபோனால் அவருடைய தீமைகள் நம் தலையில் ஏற்றப்படும் (புகாரி 2449). தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வந்தும், பிறரைத் திட்டியதாலும் அடித்ததாலும் எல்லாவற்றையும் இழந்து நிற்பவனைத்தான் தம் சமுதாயத்தின் உண்மையான திவாலானவன் என்று அண்ணலார் அடையாளம் காட்டினார்கள். இது முஸ்லிம் நூலில் உள்ளது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியும். வியாபாரத்தில் ஏமாற்றியிருந்தால் கணக்குப் புத்தகத்தில் பெயர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டியிருந்தால் மாலையில் கதவைத் தட்டலாம்.

சாலையில் நாம் செய்த அநீதிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

மழை நாளில் நெல்லித்தோப்பில் தேங்கிய தண்ணீரை ஒரு பெண்மணியின் சேலையில் வாரி இறைத்துவிட்டுப் போனோம். அவர் யார்? இடப்பக்கம் ஏறி முந்தியபோது சைக்கிளில் வந்த பெரியவர் தடுமாறிக் காலை ஊன்றினார். அவர் எந்த ஊர்? நாம் குறுக்கே நிறுத்திய காரினால் பின்னால் நின்ற டெம்போவில், நேர்காணலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பிள்ளை இருந்திருக்கலாம். ஜிப்மருக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு நோயாளி இருந்திருக்கலாம். அவர்கள் முகத்தைக்கூட நாம் பார்க்கவில்லை.

அதிலும் நம் ஊர் உல்லாசப் பயணிகள் வந்துபோகும் கடற்கரை நகரம். வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வருகிறார்கள். பெங்களூரிலிருந்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிப் போகிறார்கள். கே.ஏ. பதிவெண் வண்டியில் வந்த அந்தக் குடும்பத்தை நடுரோட்டில் மறித்துக் கெட்ட வார்த்தை சொன்னோமே, திங்கட்கிழமை மனம் வருந்தினாலும் அவரை எங்கே போய்த் தேடுவது? பணக் கடனை எழுதி வைக்கிறோம், பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டும் போகிறோம். சாலையில் பட்ட கடனை எழுதி வைக்கக்கூட வழியில்லை. கடன் கொடுத்தவரின் பெயரே தெரியாது. ஆனால் அவருக்கும் நமக்கும் இறைவன் ஒருவனே. அவன் இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்துவான். நாம் மறந்த முகம் அன்று நம் முன்னால் வந்து நிற்கும்.

அவர் முஸ்லிமா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. ஒப்பந்தத்தோடு வாழும் பிற சமயத்தவருக்கு அநீதி செய்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வழக்காடுவதாக நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். நூல்: அபூதாவூத். யார் நமக்காகப் பரிந்துரை செய்ய வேண்டும் என்று ஏங்குகிறோமோ, அவர்களே நமக்கு எதிராக நின்றால் நம் நிலை என்ன?

ஆகவே சகோதரர்களே, சாலையில் ஒரே வழிதான் இருக்கிறது. கடன் படாமல் இருப்பது.

அரஃபாவிலிருந்து திரும்பிய கூட்டம்

கூட்ட நெரிசலில் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே முன்மாதிரி இருக்கிறது. ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து முஸ்தலிஃபாவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். பின்னால் ஒட்டகங்களை அதட்டும் சத்தமும் அடிக்கும் சத்தமும் கேட்டது. நபியவர்கள் தம் சாட்டையால் மக்களை நோக்கிச் சைகை செய்து, அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்றும் கூறினார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நூல்: புகாரி 1671.

அது எந்தப் பயணம் என்று பாருங்கள். ஹஜ்ஜுப் பயணம். அதைவிடச் சிறந்த நோக்கம் ஏது? அப்படியிருந்தும் நோக்கம் நல்லது என்பதால் வேகம் நல்லதாகிவிடவில்லை. நபியவர்கள் சொன்னதோடு நிற்கவில்லை. தம் ஒட்டகமான கஸ்வாவின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தில் முட்டும் அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அவர்களின் நீண்ட அறிவிப்பில் வருகிறது. இது முஸ்லிம் நூலில் உள்ளது. அதே பயணத்தைப் பற்றி உஸாமா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, கூட்டத்தில் நபியவர்கள் மிதமாகப் போனார்கள், இடைவெளி கிடைத்த இடத்தில் விரைவாகப் போனார்கள் என்று பதில் சொன்னார்கள் (புகாரி 1666). வேகமே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. பாதை எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவுதான் வேகம். நம் அவசரம் எவ்வளவோ அவ்வளவு அல்ல.

ஹாரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடையில் நடுநிலை வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும் என்று லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்ன உபதேசத்தைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. குரல்களிலேயே வெறுக்கத்தக்கது கழுதையின் குரல் என்றும் அதே வசனத்தில் வருகிறது (31:19). சிக்னல் விழுந்து ஒரு நொடி ஆவதற்குள் பின்னாலிருந்து ஹாரனை அழுத்திப் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வசனத்தை நினைவூட்டுங்கள். வண்டி வாங்கிக் கொடுக்கும்போது லுக்மானின் உபதேசத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

வாகனத்தில் இருப்பவர் நடப்பவருக்குத் தர வேண்டியது

இன்னொரு சுன்னத்தையும் பாருங்கள். வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கும், நடந்து செல்பவர் உட்கார்ந்திருப்பவருக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (புகாரி 6232). ஏன் இந்த வரிசை? உயரத்தில் இருப்பவருக்குப் பெருமை வந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். வாகனம் வைத்திருப்பவர்தான் முதலில் பணிய வேண்டும். ஸலாம் என்றாலே, என்னால் உனக்கு எந்தத் தீங்கும் வராது என்ற உறுதிமொழிதானே?

இன்று நம் சாலைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டில் நடக்கும் மூதாட்டி கையைக் காட்டிக் கெஞ்சுகிறார். வண்டிக்காரர் நிற்பதில்லை. ஸலாம் சொல்ல வேண்டியவர் ஹாரன் அடிக்கிறார்.

நம் கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அங்கே போய்ப் பாருங்கள். குழந்தைகள் ஓடுகின்றன. வயதானவர்கள் கைத்தடியோடு நடக்கிறார்கள். யாரும் யாரையும் முறைப்பதில்லை. இடித்துவிட்டால் மன்னிக்கச் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். அதே மனிதர்கள்தான் கால் மணி நேரம் கழித்து வண்டியில் ஏறியதும் மாறிவிடுகிறார்கள். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ குர்ஆனிலேயே இருக்கிறது (43:13, 14). இதை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் தூயவன், நமக்கு இதற்குச் சக்தி இருக்கவில்லை, நாம் நம் இறைவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்பது அதன் கருத்து. அந்த துஆவின் கடைசிப் பகுதியே மரணத்தை நினைவூட்டுகிறது. சாவி போடும்போது அதை மனதார ஓதுபவரால் எப்படி வெறிபிடித்து ஓட்ட முடியும்?

உயிர் நமக்குச் சொந்தமானது அல்ல

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022-ல் மட்டும் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்கு 460 ஜனாஸாக்களுக்கு மேல். இவர்களில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். பத்தில் ஏழு மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள் என்ற கருத்தில் அல்லாஹ் குர்ஆனில் தடை விதிக்கிறான் (4:29). உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள் என்றும் எச்சரிக்கிறான் (2:195). ஆனாலும் நாம் ஹெல்மெட்டை எங்கே வைக்கிறோம்? முழங்கையில் மாட்டிக்கொள்கிறோம். போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறுகிறது. போலீஸைத் தாண்டியதும் இறங்குகிறது. உள்ளூரில்தானே போகிறேன், முல்லா வீதியிலிருந்து மார்க்கெட்டுக்குத்தானே என்கிறோம். மலக்குல் மவ்த் உள்ளூர், வெளியூர் பார்த்து வருவதில்லை.

பெற்றோர்களே! உங்களிடம் ஒரு கேள்வி. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து ட்யூஷனுக்கு அனுப்புகிறீர்களே, அவன் கையில் கொடுப்பது என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதாகும் வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. இது உலகச் சட்டம். மறுமைச் சட்டத்தில், உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி இருக்கிறது. சாவியைக் கொடுத்த கையும் அந்த விசாரணையில் நிற்கும்.

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால்

இது பலரும் கேட்டிராத விஷயம். கவனமாகப் படியுங்கள்.

வேண்டுமென்று செய்யாமல், தவறுதலாக ஒருவர் நம் கையால் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அல்லாஹ் அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் விரிவாகச் சொல்கிறான். இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டும், அவர்கள் விட்டுக்கொடுத்தாலே தவிர. அதோடு பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அது இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் உடன்படிக்கை உள்ள வேறு சமூகத்தவராக இருந்தாலும் இழப்பீடும் பரிகாரமும் உண்டு என்று அதே வசனம் சொல்கிறது.

கவனக்குறைவாக வாகனம் ஓட்டி ஒருவர் இறக்கக் காரணமானவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று இக்கால மார்க்க அறிஞர்கள் பலர் தீர்ப்பளித்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டது, கேஸ் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். இன்ஷூரன்ஸ் கம்பெனி நமக்காக அறுபது நாள் நோன்பு நோற்காது. ஓட்டியவர் மீது எந்தத் தவறும் இல்லாத விபத்தும் உண்டு. அதன் சட்டம் வேறு. இப்படி ஒரு சோதனை யாருக்கேனும் ஏற்பட்டிருந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், வெட்கப்படாமல் தகுந்த ஆலிமிடம் முழு விவரத்தையும் சொல்லித் தெளிவு பெறுங்கள். அது உங்கள் கழுத்தில் இருக்கும் கடன். இங்கே இறக்கி வைப்பது இலேசு.

விபத்து நடந்த இடத்தில்

ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர்கள் எல்லோரையும் வாழவைத்தவர் போலாவார் என்பது குர்ஆனின் போதனை (5:32). விபத்தில் அடிபட்டுக் கிடப்பவருக்கு முதல் ஒரு மணி நேரம் மிகவும் முக்கியம். அதைப் பொன்னான நேரம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்கிறோம்.

அந்தப் பயம் இப்போது தேவையில்லை. காப்பாற்ற வருபவருக்குப் பாதுகாப்பு தரும் நெறிமுறைகளை 2016-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது. பெயரைச் சொல்லுமாறுகூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2025-ல் வந்த திட்டத்தின்படி, விபத்தில் காயமடைந்தவருக்கு ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, பணம் கட்டாமலேயே சிகிச்சை பெற வழி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பாவம் நம்மிடையே பரவியிருக்கிறது. அடிபட்டவரைத் தூக்குவதற்கு முன் செல்போனைத் தூக்குகிறோம். ஆடை விலகிக் கிடக்கும் ஒரு தாயை, ரத்தத்தில் கிடக்கும் ஒரு பிள்ளையைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறோம். மருத்துவமனையிலிருந்து தகவல் போவதற்கு முன்னால், அந்த வீட்டுப் பெண்ணின் கைபேசிக்கு அவள் கணவனின் படம் போய்ச் சேர்கிறது. இன்னாருடைய மகன்தான் குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஒருவர் எழுதுகிறார். ஐம்பது பேர் அதை அப்படியே அனுப்புகிறார்கள். மறுநாள் பார்த்தால் ஓட்டியவரே வேறு ஒருவர்.

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை வந்துவிடும் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (49:6). கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. இது முஸ்லிம் நூலில் உள்ளது. ஊர்ச் செய்தி பகிர்வது தவறல்ல. எந்தச் சாலையில் மரம் விழுந்தது, எந்த வழி அடைத்திருக்கிறது, எந்த ரத்த வகை தேவைப்படுகிறது என்று உறுதி செய்து அனுப்புங்கள். அது ஸதகா. ஒருவரின் மானத்தையும் மய்யித்தையும் அனுப்பாதீர்கள்.

வழிப்போக்கருக்கு நம் ஊர்

உறவினர், அநாதை, ஏழை, அண்டை வீட்டார் ஆகியோரோடு வழிப்போக்கருக்கும் நன்மை செய்யுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது (4:36). நம் நகரத்துக்கு வாரந்தோறும் அல்லாஹ் வழிப்போக்கர்களை அனுப்பிவைக்கிறான். ஹோட்டல், துணிக்கடை, ஆட்டோ, வாடகை ஸ்கூட்டர் என்று நம்மில் பலரின் ரிஸ்க் அவர்கள் மூலம்தான் வருகிறது. அவர்கள் பாஷை தெரியாதவர்கள், வழி தெரியாதவர்கள். அதைப் பயன்படுத்தி ஆட்டோவுக்கு இரட்டிப்புக் கட்டணம் கேட்பது ஹலாலான சம்பாத்தியமா? பிரேக் சரியில்லாத ஸ்கூட்டரை, மாலைக்குள் திரும்பிவிடுமே என்று வாடகைக்குக் கொடுப்பது அமானிதமா? குடித்திருப்பது தெரிந்தும் ஒருவர் கையில் சாவியைக் கொடுப்பவர், நடக்கப்போகும் தீமைக்குத் துணைபோகிறவர் அல்லவா?

வந்தவர்களில் சிலர் ஒழுங்கு மீறுகிறார்கள் என்பதும் உண்மைதான். அதற்காக எல்லோரையும் திட்டுவது முறையாகாது. ஒருவழிப் பாதையில் தவறாக நுழைந்தவருக்குக் கையை அசைத்துச் சரியான வீதியைக் காட்டுவதும் தர்மமே. ஒருவரை வாகனத்தில் ஏற்றிவிடுவதும் அவர் சுமையைத் தூக்கி வைப்பதும் பாதையிலிருந்து தொல்லையை அகற்றுவதும் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள் (புகாரி 2989).

இன்றே தொடங்குவோம்

இதைப் படித்து முடித்துவிட்டு இன்று நீங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

முதலாவது, ஜும்ஆவுக்கு வரும்போதே தொடங்குங்கள். இகாமத் கேட்டால்கூட ஓடி வராமல் அமைதியாக வர வேண்டும், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்பது நபிவழி (புகாரி 636). காலால் ஓடுவதற்கே அனுமதி இல்லை என்றால், பைக்கில் பறப்பதற்கு எங்கிருந்து அனுமதி வந்தது? பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள்.

இரண்டாவது, பள்ளிவாசலைச் சுற்றிய வீதிகளில் இன்னொருவர் வாசலை மறித்து வண்டியை நிறுத்தாதீர்கள். நாம் உள்ளே ஸஜ்தாவில் இருக்கும்போது, நம் வண்டியால் வெளியே ஒரு கர்ப்பிணிப் பெண் ஆட்டோவோடு மாட்டிக்கொண்டு நின்றால், அந்த ஸஜ்தாவோடு அவர் முறையீடும் மேலே போகும். அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை.

மூன்றாவது, பாதையில் கிடக்கும் கல்லையோ கண்ணாடித் துண்டையோ கண்டால் இறங்கி அகற்றுங்கள். ஈமானின் கிளைகளில் மிகவும் தாழ்ந்த படி அது. பாதையில் கிடந்த முள் கிளையை ஒதுக்கியதற்காகவே ஒருவருடைய பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று புகாரியில் (652) வருகிறது. அதைக் கடந்துபோன யாருக்கும் அந்த மனிதரின் பெயர் தெரியாது. பெயர் தெரியாதவர்களுக்கு நாம் கடன்படுவதைப் போலவே, அவர்களுக்கு நன்மை செய்து சேர்த்துக்கொள்ளவும் முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

நான்காவது, இதுவரை பட்ட கடன். யாரென்றே தெரியாதவர்களுக்குச் செய்த அநீதிக்கு என்ன வழி? அறிஞர்கள் காட்டும் வழி இது. உளமார தவ்பா செய்யுங்கள். திரும்பவும் செய்வதில்லை என்று உறுதி எடுங்கள். நம்மால் நோவினை அடைந்தவர்களுக்காக துஆ செய்யுங்கள். பண நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால், அவர்கள் சார்பில் அந்த அளவுக்கு ஸதகா கொடுங்கள். ஆளைக் கண்டுபிடிக்க வழி இருந்தால் தேடிப்போய் மன்னிப்புக் கேளுங்கள். தேட முடிந்தும் தேடாதவருக்கு இந்தச் சலுகை இல்லை.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! அர்ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று அல்லாஹ் அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் (25:63) வர்ணிக்கிறான். அவர்களின் தொழுகையைச் சொல்வதற்கு முன்னால் நடையைச் சொல்கிறான். இன்று தொழுகை முடிந்து வெளியே போனதும், நம்மைப் பார்க்கும் முதல் மனிதர் நம் தொழுகையைப் பார்க்கப்போவதில்லை. நாம் வண்டியை எடுக்கும் விதத்தைத்தான் பார்க்கப்போகிறார்.

யா அல்லாஹ்! பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக! எங்களால் நோவினை அடைந்து, எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத உன் அடியார்களுக்கு நீ அருள்புரிந்து, எங்கள் மீதான அவர்களின் கோபத்தை நீக்குவாயாக! சாலைகளில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்கு ஆறுதலையும், காயமடைந்து படுத்திருப்பவர்களுக்கு முழு ஆரோக்கியத்தையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு திரும்பச் செய்வாயாக! எங்கள் ஊரையும், அதற்கு வந்து செல்லும் அனைவரையும் உன் பாதுகாப்பில் வைப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.